ஹைரம் டக்கெட்டின் சம்பள உயர்வு

ஹைரம் டக்கெட் என்ற பந்து வீச்சாளர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவருக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்ற விஷயத்தில் ஈரி நகரத்துப் பெரிய மனிதர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பேஸ்பால் கழகம் நடத்திவந்தார்கள். யாரும் பந்தையோ மட்டையையோ தொடுவதில்லை. இவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் சரியில்லை. ஆட்டம் முழுக்கக் கணினிக்குள் நடந்தது. கடந்த நூற்றைம்பது வருஷத்தில் எப்போதோ ஆடி, பெரும்பாலும் செத்தும் போய்விட்ட ஆட்டக்காரர்களை ஒவ்வொருவரும் சம்பளம் பேசி எடுத்து அணி அமைப்பார்கள். அந்த ஆட்டக்காரர்களின் பழைய சாதனைகளை வைத்துக் கணினி தினம் ஒரு ஆட்டம் நடத்தி, சாயங்காலம் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும். சம்பளத்துக்காக எல்லா அணிகளுக்கும் ஒரே தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அது கழக டாலர். அதைக் கொண்டு ஒரு காப்பிகூட வாங்க முடியாது. ஆனால் அந்த வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் எவனாவது ஒருவனை அணியிலிருந்து வெளியே அனுப்பியாக வேண்டும்.

எந்த ஆட்டக்காரருக்கு என்ன சம்பளம் என்பதை நிர்ணயிக்கவும், வருஷா வருஷம் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும் சம்பளச் சீரமைப்பு மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் கார்ல் ஹால்வர்சன். பீச் தெருவில் பெரிய கம்பளக் கடை வைத்திருந்தவர். தரைக் கம்பளம் விற்கும்போது சாதாரணமாகத்தான் பேசுவார். மன்றத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மாறிவிடும்.

அந்தக் கம்பளக் கடையில் வெகு காலமாக விற்பனையாளராக இருந்தவன்தான் நார்பர்ட் ஸெலின்ஸ்கி. வீடு வீடாகப் போய் அறைகளை அளப்பது அவன் வேலை. கழகத்தில் அவனுக்கும் ஓர் அணி இருந்தது. வருஷா வருஷம் ஏழாவது, எட்டாவது இடத்தில் வந்து நிற்கும். அதைப்பற்றி நார்பர்ட்டுக்குப் பெரிய வருத்தமில்லை. அவனுடைய வருத்தமெல்லாம் முதல் இடத்தில் யார் வருகிறார்கள் என்பதில்தான் இருந்தது.

முதல் இடத்தில் ராஸ்கோ வந்தான். ராஸ்கோ, நார்பர்ட்டின் மனைவி லொரெய்னுடைய அண்ணன்.

ராஸ்கோ கெட்டவனாக இருந்திருந்தால் நார்பர்ட்டுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நல்லவன். ஐம்பத்தைந்து வயதிலும் தலை நிறைய முடி. அவன் வீட்டுப் புல்வெளிக்கு அவன் தண்ணீர் ஊற்றியதை யாரும் பார்த்ததில்லை, ஆனால் தெருவிலேயே பச்சையான புல்வெளி அதுதான். குளிர்காலத்தில் நார்பர்ட்டின் கார் பனியில் சிக்கினால் கூப்பிடாமலே வந்து தள்ளிவிட்டுப் போவான். தள்ளிவிட்டுப் போகும்போது நார்பர்ட் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த முதுகுகூட நேராக இருக்கும்.

கழகத்திலும் இதே கதைதான். நார்பர்ட் மாதக்கணக்கில் பழைய ஆட்டக் குறிப்புகளைக் கரைத்துக் குடித்து அணி அமைத்தான். ராஸ்கோ ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஹைரம் டக்கெட் என்ற பெயர் வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவரை எடுத்தான். டக்கெட் 1911இல் ஒரே ஒரு ஆட்டப் பருவம், அதிலும் பாதிதான் ஆடியவர். அதனால் மன்றம் அவருக்குக் குறைந்த சம்பளமே போட்டிருந்தது. ஆனால் அந்தப் பாதிப் பருவத்தில் அவர் போட்ட பந்தை யாராலும் தொட முடிந்ததில்லை. இது கணினிக்குத் தெரிந்திருந்தது. ராஸ்கோ இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பையை வென்றான். கோப்பையைச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டிக்கு மேல் வைத்து, அதில் நாய் பிஸ்கட் போட்டுவைத்தான்.

நாய் பிஸ்கட்டைத்தான் நார்பர்ட்டால் பொறுக்க முடியவில்லை. அவன் வீட்டுக் கூடத்தில் அந்தக் கோப்பைக்காகவே ஓர் அலமாரி காலியாக இருந்தது.

டக்கெட்டுக்கு அநியாயமாகக் குறைந்த சம்பளம் கொடுக்கப்படுகிறது, அதை உயர்த்த வேண்டும் என்று நார்பர்ட் மன்றத்துக்கு மனுக் கொடுத்தான். உயர்த்தினால் ராஸ்கோ வரம்பைத் தாண்டிவிடுவான், டக்கெட்டைக் கைவிட வேண்டிவரும் என்பதை அவன் மனுவில் எழுதவில்லை. தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்ளவில்லை. இது ஒரு மனிதனின் உழைப்புக்கான கூலி சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் லொரெய்னிடம் சொன்னான்.

"செத்துப்போன மனுஷனுக்கு எதுக்கு நார்ப் சம்பளம்?" என்றாள் லொரெய்ன்.

"செத்துட்டா அநியாயம் நியாயமாயிடுமா?"

"உனக்குச் சம்பளம் கூட்டி ஆறு வருஷமாச்சு. நீ இன்னும் உயிரோடதானே இருக்கே. ஹால்வர்சன்கிட்ட அதைப் போய்க் கேளேன்."

அது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டு நார்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மன்றம் ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடியது. மறுபக்கம் உருளைப்பந்து மோதி மரக்கட்டைகள் சரியும்போதெல்லாம் ஹால்வர்சன் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். முதலில் எல்லோரும் எழுந்து, சுவரில் மாட்டியிருக்கும் பழைய மைதானப் படத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்த வேண்டும். தொப்பி இல்லாமல் வந்தவர்கள் கழற்றுவதற்காக ஒரு பெட்டி நிறையத் தொப்பிகள் வைத்திருந்தார்கள். நார்பர்ட் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு, உடனே கழற்றினான். பிறகு, பேஸ்பால் மைதானத்தில் பதித்திருப்பதுபோல் தரையில் கிடந்த ஐந்து மூலை வெள்ளை ரப்பர் பலகையின்மேல் ஏறி நின்று மனுவைப் படித்தான். பலகையைவிட்டு ஒரு கால் வெளியே போனாலும் படித்தது செல்லாது.

சம்பளத்தைச் சீரமைக்க மன்றத்திடம் நிறைய வழிகள் இருந்தன. அந்தக் காலத்துப் பந்து மெதுவாக இருந்ததற்கு ஒரு சீரமைப்பு. ரயிலில் உட்கார்ந்தே ஊர் ஊராகப் போன களைப்புக்கு ஒன்று. அடர்ந்த மீசை எதிர்காற்றைப் பிடித்து ஓட்டத்தைத் தாமதப்படுத்தும் என்பதற்கும் ஒன்று. மீசைச் சீரமைப்பைக் கொண்டுவந்த வருஷம் பெரிய சண்டை நடந்ததாகவும், இரண்டு உறுப்பினர்கள் இன்னமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றும் சொல்வார்கள்.

டக்கெட்டின் விஷயத்தை ஆராயும் பொறுப்பு டாக்டர் பெல்லாமியிடம் கொடுக்கப்பட்டது. பெல்லாமி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். டக்கெட்டின் புகைப்படம் ஒன்றுதான் கிடைத்திருந்தது. சீருடையில், வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும் படம். பெல்லாமி அதை விளக்கு வெளிச்சத்தில் வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோவுக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கறவன் வாய்ல பல்லு நல்லா இருக்காது," என்றார். "நான் வாழ்நாள் பூரா வாயைத்தான் பார்த்தேன். இவனுக்குப் பல்வலி. பல்வலி இருக்கறவனுக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதவன் ஒரு பருவம் முழுக்கத் தாங்கமாட்டான். பாதியிலேயே நின்னுட்டான் பாருங்க. இவனுக்கு இப்ப குடுக்கற சம்பளமே ஜாஸ்தி."

மன்றம் பல் சீரமைப்பு என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி டக்கெட்டின் சம்பளத்தைக் குறைத்தது.

அதோடு நிற்கவில்லை. மனுக் கொடுத்தவனுடைய அணியிலும் அநியாயம் இருக்கிறதா என்று மன்றம் தானாகவே பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. நார்பர்ட்டின் அணியில் எல்மர் ஸ்ட்ரவுட் என்று ஒருவர். அவர் நாற்பது வயதுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை மன்றம் கண்டுபிடித்தது. பிரம்மச்சாரி நன்றாகத் தூங்குவான், தேவையில்லாத யோசனைகள் இருக்காது, ஆகையால் அவன் மதிப்பு அதிகம் என்று ஸ்ட்ரவுட்டின் சம்பளத்தை உயர்த்தினார்கள். நார்பர்ட் வரம்பைத் தாண்டிவிட்டான். அணியில் உருப்படியாக இருந்த ஒரே மட்டையாளரை அன்றே வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

வாசலில் ராஸ்கோ காகிதத் தட்டில் பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட சூடான ரொட்டி உருண்டைகளோடு நின்றிருந்தான். டக்கெட்டுக்குச் சம்பளம் குறைந்ததில் மிச்சமான தொகையை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கவலைப்பட்டான். பிறகு தட்டை நீட்டினான்.

"விடு நார்ப். ஒண்ணு எடுத்துக்கோ, ஆறிடப்போகுது."

நார்பர்ட் எடுத்துக்கொண்டான். அருமையாக இருந்தது. வயிறு எரிந்ததற்கு அது காரணமில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் டக்கெட்டின் மூடிய வாயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய வீட்டில் படுக்கையறையை அளந்துகொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. டக்கெட்டுக்கு நல்ல பல் இருந்தது என்று நிரூபித்துவிட்டால்? டக்கெட்டின் சொந்த ஊர் ஓஹையோவில், காரில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. அங்கே டக்கெட் குடும்பத்தில் இன்னும் யாரோ டயர் கடை வைத்திருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

ஒரு நாள் விடுப்புக் கேட்டு ஹால்வர்சனின் அறைக்குப் போனான். எதற்கு என்று கேட்டார். சொன்னான். ஹால்வர்சன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நியாயத்துக்காகச் சொந்தக் காரில் சொந்தப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு போகிற ஓர் ஆள் தன் கடையில் வேலை செய்வது தனக்குப் பெருமை என்றார்.

"மன்றம் உன்னை மறக்காது, நார்பர்ட்."

"தேங்க்ஸ், மிஸ்டர் ஹால்வர்சன்."

"ஆனா கடைக் கணக்குல அது சம்பளமில்லாத லீவுதான். ரெண்டையும் நான் கலக்கறதில்ல."

டயர் கடைக்காரன் பெயர் வெய்ன் டக்கெட். ஹைரமுடைய தம்பியின் பேரன். கழுத்து தடித்த, நிதானமான ஆசாமி. நார்பர்ட் வந்த விஷயத்தைச் சொல்லச் சொல்ல, லாரி ஒன்றின் அடியில் கிடந்தபடியே கேட்டான். சம்பளம் என்ற வார்த்தை வந்ததும் வெளியே நழுவி வந்து எழுந்து உட்கார்ந்தான்.

"இப்ப எங்க தாத்தாவுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

"நாலு லட்சம். அது ரொம்பக் கம்மி."

வெய்ன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "யார் பேர்ல வருது அது?"

யார் பேரிலும் வருவதில்லை, அது உண்மையான பணமில்லை என்று நார்பர்ட் விளக்கினான்.

"சரி. கூட்டினா என்ன ஆகும்?"

"அவருக்குச் சேர வேண்டிய மரியாதை சேரும்."

"அப்புறம்?"

நார்பர்ட் சுற்றிமுற்றிப் பார்த்தான். "என் மச்சான் அணியில இருந்து அவரை எடுத்துருவாங்க."

"அதாவது, சம்பளம் கூட்டினா தாத்தாவுக்கு வேலை போயிரும்."

"வேற அணியில எடுத்துக்குவாங்க."

"யாரு?"

"நான்."

வெய்ன் எழுந்து போய் நார்பர்ட்டின் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "உங்க பின் டயர் ரெண்டும் தேஞ்சு போயிருக்கு," என்றான்.

நார்பர்ட் இரண்டு புது டயர்களோடும் ஒரு புகைப்படத்தோடும் ஊர் திரும்பினான். யாருடைய கல்யாண விருந்திலோ எடுத்த படம் அது. ஹைரம் டக்கெட் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு முழுச் சோளக்கதிர் ஒன்றை முன்பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கடித்துக்கொண்டே சிரித்தார். ஒரு பல்கூடக் குறையவில்லை.

வழியெல்லாம் நார்பர்ட் சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது படத்தை எடுத்துப் பார்த்தான். வாழ்க்கையில் எந்த மனிதனுடைய பல்லும் அவனுக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. ராஸ்கோவின் முகம் போகப்போகிற போக்கை நினைத்துச் சத்தமாகச் சிரித்தான். பக்கத்துக் காரிலிருந்த பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

இரண்டாவது கூட்டத்துக்குக் கழகத்தின் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பல் விவகாரம் எல்லோரையும் பாதித்திருந்தது. அதற்குள் இன்னும் பல பேர் தங்கள் ஆட்டக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கும் படங்களைத் தேடி எடுத்து, சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தன் ஆட்டக்காரருடைய படத்தில் வாயை மையால் மூடியிருந்தார் என்று கண்டுபிடிக்கப்பட்டு, அவர் தொப்பி கழற்றும் உரிமை ஒரு மாதத்துக்குப் பறிக்கப்பட்டது. அவர் தொப்பியோடுதான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பெல்லாமி கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு சோளக்கதிர்ப் படத்தின்மேல் குனிந்தார். மறுபக்கம் கட்டைகள் சரிந்து அடங்கின.

"சொந்தப் பல்லு," என்றார் கடைசியில். "மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் சொந்தப் பல்லு. நான் ஒரு நல்ல மனுஷனோட வாய்க்குத் துரோகம் பண்ணிட்டேன்."

பல் சீரமைப்பு ரத்தானது. அதற்குப் பதிலாக, சோளக்கதிரை முன்பல்லால் கடிக்கிறவனுக்குத் தாடை பலம் அதிகம், தாடை பலம் தோளுக்கு இறங்கும் என்று தாடைச் சீரமைப்பு ஒன்றைக் கொண்டுவந்து, டக்கெட்டின் சம்பளத்தை மூன்று மடங்காக்கலாம் என்று பெல்லாமியே பரிந்துரைத்தார்.

ஹால்வர்சன் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குரல் கிணற்றுக்குப் போனது.

"நண்பர்களே, ஒரு உழைப்பாளிக்கு அவன் தகுதிக்குக் குறைச்சலா கூலி குடுக்கறது திருட்டு. நான் வேற பேர் சொல்லி அதைப் பூச விரும்பல. அந்த மனுஷன் கேக்கல. ஏன் கேக்கல? கேட்டுப் பழக்கமில்ல. கேக்காதவனுக்குக் குடுக்க வேண்டாம்னு நினைக்கறவன் முதலாளியே இல்ல. இத்தனை வருஷமா ஒருத்தன் நமக்கு முன்னாடி நின்னு உழைக்கிறான், நாம அவன் வாயைக்கூடச் சரியாப் பார்க்கல. எனக்கு வெக்கமா இருக்கு. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல."

கைதட்டல் எழுந்தது. எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவன் நார்பர்ட். ஒரு கண்ணை மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ராஸ்கோவின் மேல் வைத்திருந்தான். அந்த முகம் எப்போது வாடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஸ்கோ கையைத் தூக்கினான். ஒரு சந்தேகம் என்றான். ரப்பர் பலகையில் ஏறி நின்று கேட்க வேண்டும் என்றார்கள். வந்து ஏறி நின்றான்.

"கார்ல், நீங்க சொன்னது அத்தனையும் சரி. டக்கெட்டை நான் விட்டுடறேன், ஒரு தகராறும் இல்ல. ஒண்ணே ஒண்ணு. நம்ம நார்பர்ட்டுக்கு நீங்க சம்பளம் கூட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

மறுபக்கம் கட்டைகள் சரிந்தன. சத்தம் அடங்கிய பிறகும் ஹால்வர்சன் எந்த வார்த்தையிலிருந்தும் தொடரவில்லை. எல்லோரும் திரும்பி நார்பர்ட்டைப் பார்த்தார்கள். தொப்பி கழற்ற உரிமையில்லாதவர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அது நிஜப் பணம், ராஸ்கோ," என்றார் ஹால்வர்சன்.

அந்தக் கேள்வி மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று குறித்துக்கொண்டார்கள். நார்பர்ட் 1911ஆம் வருஷம் ஆடியவன் அல்ல என்பதையும், அவன் இன்னும் உயிரோடு இருப்பதையும் டாக்டர் பெல்லாமி சுட்டிக்காட்டினார். அவன் உயிரோடு இருப்பது இந்த விஷயத்தில் பெரிய தடை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டக்கெட்டின் சம்பள உயர்வு ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே வந்ததும் வேறொருவனாக இருந்தால் மச்சானைக் கட்டிப்பிடித்திருப்பான். நார்பர்ட் காரில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல், முன்கண்ணாடியை வெறித்துக்கொண்டிருந்தான். அவன் ராஸ்கோவுடைய டக்கெட்டைப் பிடுங்கப் போனான். ராஸ்கோ, பிடுங்கப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவனுக்காகப் பேசினான். ஆறு வருஷமாக நார்பர்ட்டின் தொண்டையில் சிக்கியிருந்த கேள்வியை ரப்பர் பலகையில் இரண்டு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பெருந்தன்மை என்ற ஒன்றையாவது இவன் விட்டுவைக்கக் கூடாதா என்று நார்பர்ட்டுக்கு ஆற்றாமையாக இருந்தது.

திங்கள்கிழமை ஹால்வர்சன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். ஊர் பேசும், கம்பளம் வாங்குகிறவர்களும் பேசுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சம்பளத்தை உயர்த்தியிருப்பதாகச் சொன்னார். கடையில் குடிக்கும் இலவசக் காப்பிக்கும், கார் நிறுத்துமிடத்தில் மர நிழல் இருப்பதற்கும் கொஞ்சம் சீரமைத்திருந்தார். அப்படியும் ஏதோ மிஞ்சியிருந்தது.

அன்று லொரெய்ன் பைரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை செய்து, வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி மேலே போட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணன் கேட்டதாலதான் ஆச்சு," என்றாள். "நீ ஒரு போன் போட்டு நன்றி சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேனில்ல."

பைரோகி இறங்கவில்லை. அவன் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டது அவள்தான்.

ராஸ்கோ சொன்னபடி டக்கெட்டை விட்டான். இரண்டு நாள் கழித்துக் கழகத்தையும் விட்டுவிட்டான். அந்தப் பெயர் இல்லாமல் அணியைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது என்பதுதான் அவன் சொன்ன காரணம். கோப்பையைக் கழுவி, துடைத்து, ஹால்வர்சன் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

நார்பர்ட் தன் அணியில் பாதிப் பேரை வெளியே அனுப்பி அந்தப் பெரிய சம்பளத்துக்கு டக்கெட்டை எடுத்தான். மிச்ச இடங்களை யாரும் கேள்விப்படாத, சம்பளமே இல்லாத ஆசாமிகளைப் போட்டு நிரப்பினான். அவர்களில் ஒருவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பந்தைச் சந்தித்து, அது தலையில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஆனால் டக்கெட் போதுமானவராக இருந்தார். கோடை முழுக்க நார்பர்ட் சாயங்காலம் கணினிமுன் உட்கார்ந்து, 1911ஆம் வருஷத்துத் தோள் தனக்காகப் பந்து போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பட்டியலில் ராஸ்கோவின் அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்க்கக் கை போகும். அங்கே அந்த அணி இருக்காது.

செப்டம்பரில் அவன் கோப்பையை வென்றான். பௌலிங் கூடத்தின் பின்னறையில் எல்லோரும் அவனுக்காகத் தொப்பியைக் கழற்றினார்கள். ஹால்வர்சன் உரை நிகழ்த்தினார். விடாமுயற்சி என்ற சொல்லை நடுவில் மரக்கட்டைகள் இரண்டு முறை வெட்டின. நார்பர்ட் கோப்பையை வாங்கிக்கொண்டு பின்வரிசையைப் பார்த்தான். ராஸ்கோ உட்காரும் நாற்காலியில் யாரோ கோட்டை மாட்டியிருந்தார்கள்.

கோப்பையை அலமாரியில் வைத்தான். எவ்வளவு தேய்த்தும் நாய் பிஸ்கட் வாசனை போகவில்லை. லொரெய்ன் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அதற்குமேல் அவனால் இருக்க முடியவில்லை. ராஸ்கோவுக்குப் போன் செய்தான். மறுமுனையில் காற்று இரைந்தது.

"ராஸ்கோ, கோப்பை எனக்குத்தான்."

"எந்தக் கோப்பை?"

"கழகக் கோப்பை. டக்கெட் வாங்கிக் குடுத்துட்டார்."

"ஓ, அதுவா. இன்னும் நடக்குதா அது? ரொம்ப நல்லது, நார்ப்." ராஸ்கோ உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதில் சந்தேகப்பட இடமே இல்லை. "நான் ஏரியில இருக்கேன். சின்னதா ஒரு படகு வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வாயேன், பெர்ச் மீன் நல்லாக் கடிக்குது."

நார்பர்ட் போக வேண்டாம் என்றுதான் நினைத்தான். படகு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்காகப் போனான்.

படகு வெள்ளையாக, கச்சிதமாக இருந்தது. ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. ஒரே புழு டப்பாவிலிருந்து இரண்டு பேரும் இரை கோத்து, ஒரே நேரத்தில் தூண்டிலைப் போட்டார்கள். ராஸ்கோவின் தூண்டில் உடனே துடித்தது. அவன் மீனை எடுத்து வாளியில் போட்டு, மறுபடி வீசினான். மறுபடி துடித்தது. நார்பர்ட்டின் தூண்டில் தண்ணீரில் அசையாமல் நின்றது. சூரியன் மேலே வருவதற்குள் ராஸ்கோவின் வாளி பாதி நிறைந்துவிட்டது. நார்பர்ட்டின் வாளியில் ஏரித் தண்ணீர் மட்டும் இருந்தது.

"இடம் மாத்திக்குவமா?" என்றான் ராஸ்கோ.

மாற்றிக்கொண்டார்கள். படகு லேசாக ஆடியது. ராஸ்கோ புது இடத்தில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்ட கையோடு ஒரு மீனை இழுத்தான்.

நார்பர்ட்டுக்கு முகம் சிவந்தது. ஒரே படகில் இரண்டு பேர் பிடித்தால் மீனைப் பிரித்துக்கொள்ள ஒரு முறை வேண்டும் என்றான். ஒருவருக்குக் கை ராசி இருக்கலாம், ஒருவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம், இதையெல்லாம் சரிக்கட்டாவிட்டால் அது நியாயமே இல்லை என்றான். ஏரியின் நடுவில் ஒருவன் அவ்வளவு கோவையாகப் பேசியதை மீன்கள் அதற்குமுன் கேட்டிருக்காது.

ராஸ்கோ தலையை ஆட்டியபடி முழுவதையும் கேட்டான். "சரியாத்தான் சொல்றே," என்றான். தன் வாளிக்குள் கையைவிட்டுப் பாதி மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து நார்பர்ட்டின் வாளியில் போட்டான். லொரெய்னுக்கு வறுத்துக் கொடுத்தால் பிடிக்கும் என்றான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மறுபடி தூண்டிலை வீசினான்.

நார்பர்ட் இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தான். எதிலாவது கோணல் இருக்கும், எதிலாவது அவன் தன்னை ஏமாற்றியிருப்பான் என்று பார்த்தான். பெரிய மீன்கள் எல்லாம் நார்பர்ட்டின் வாளியில்தான் கிடந்தன.

அதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.